பின்னோக்கி எண்ணும் குரல்: விண்ணேவுதல் அறிவிப்பில் பெண்கள் – ஒரு திறனாய்வு நோக்கு

முன்னுரை

2023ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆதித்யா-எல்1 விண்கலம் ஏவப்பட்டது. அதே நாளில், அந்த ஏவுதளத்தின் அறிவிப்பாளராகப் பலரும் அறிந்திருந்த வளர்மதி சென்னையில் மாரடைப்பால் காலமானார். அடுத்தடுத்த நாள்களில் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளிவந்த இரங்கற் செய்திகளை ஒருங்கே வைத்துப் படித்தால், அவற்றின் தலைப்புகளில் ஒரு சொல் மீண்டும் மீண்டும் வருவதைக் காணமுடிகின்றது. 'குரல்' என்பதே அச்சொல். இஸ்ரோவின் குரல் ஓய்ந்தது என்பதே ஏறக்குறைய எல்லாத் தலைப்புகளின் சாரமுமாகும்.

இச்சொல்லாட்சி பாராட்டாகவே கையாளப்பட்டது என்பதில் ஐயமில்லை. எனினும், இப்பாராட்டு எதனைச் சொல்கின்றது, எதனைச் சொல்லாமல் விடுகின்றது என்பது ஆராயத்தக்கது. விண்ணேவுதலைப் பொதுமக்களுக்கு அறிவிக்கும் பணியில் பெண்கள் அமர்ந்த வரலாற்றை முழுமையாகத் தொகுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அப்பணியைப் பற்றி நாம் பேசும் முறையைத் திறனாய்வுக்கு உட்படுத்துவதே நோக்கமாகும். ஊடகத் தமிழை வகுப்பறையில் பாடப்பொருளாகக் கையாளும் ஆசிரியர்களுக்கும் இதில் ஓரளவு பயன் இருக்கும் என நம்புகின்றோம்.

இரங்கற் செய்திகளின் இரு வளர்மதிகள்

முதலில் செய்திகளையே எடுத்துக்கொள்வோம். அவற்றை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒரு வகைச் செய்திகள், வளர்மதி சதீஷ் தவான் விண்வெளி மையத்தில் ஏவுதள இயக்கப் பிரிவின் திட்ட அலுவலகத்தில் பணியாற்றியவர் என்றும், அப்பணியோடு சேர்த்துச் சில ஆண்டுகளாக ஏவுதல் அறிவிப்புகளையும் வழங்கிவந்தவர் என்றும் கூறின. மற்றொரு வகைச் செய்திகள், அவர் அரியலூரில் பிறந்தவர், ரிசாட்-1 செயற்கைக்கோளின் திட்ட இயக்குநர், தமிழ்நாட்டரசு 2015ஆம் ஆண்டு முதன்முறையாக வழங்கிய அப்துல் கலாம் விருதைப் பெற்றவர் என விரிந்தன. பல ஊடகங்கள் இவ்விரண்டையும் ஒரே பத்தியில் இணைத்து எழுதிவிட்டன.

இவ்விரு குறிப்புகளும் எளிதில் ஒட்டக்கூடியவை அல்ல. ரிசாட்-1 சாதாரணச் செயற்கைக்கோள் அன்று. 2012ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் பிஎஸ்எல்வி-சி19 ராக்கெட் மூலம் ஏவப்பட்ட, 1,858 கிலோகிராம் எடை கொண்ட, இந்தியா தானே வடிவமைத்துக் கட்டிய முதல் ரேடார் படமெடுப்புச் செயற்கைக்கோள் அது. மேகமும் இருளும் தடுக்காத வகையில் நிலத்தைக் காணவல்லது. அத்தகைய ஒன்றின் திட்ட இயக்குநர் பொறுப்பு என்பது பெங்களூரின் செயற்கைக்கோள் மையத்தைக் களமாகக் கொண்ட நெடுங்கால உழைப்பாகும். ஸ்ரீஹரிகோட்டாவின் ஏவுதள இயக்கப் பிரிவு என்பது வேறோர் ஊரில், வேறொரு துறையில் உள்ள வேறு பணி. இரண்டும் ஒருவருடைய வாழ்க்கையா என்னும் வினா எந்தச் செய்தி மேசையிலும் எழுந்ததாகத் தெரியவில்லை. 'இஸ்ரோ', 'பெண்', 'வளர்மதி' என்னும் மூன்று சொற்கள் பொருந்தியதே போதுமானதாக இருந்திருக்கின்றது.

இங்கே நம் கவனத்தைக் கவர்வது தரவுப் பிழை மட்டுமன்று. மறைந்தவர் ரிசாட்-1 திட்டத்தின் இயக்குநரே எனச் செய்தியாளர் உண்மையாக நம்பியிருந்தால், அவரைக் 'குரல்' எனத் தலைப்பிட்டு, நாட்டின் முதல் ரேடார் செயற்கைக்கோளை நான்காம் பத்திக்குத் தள்ளியது எவ்வாறு? ஓர் ஆண் திட்ட இயக்குநர் ஓய்வுநேரத்தில் அறிவிப்பும் செய்துவந்தார் எனக் கொள்வோம். அவருடைய மறைவுச் செய்திக்குக் 'குரல் ஓய்ந்தது' எனத் தலைப்பு வந்திருக்குமா? மாறாக, இருவரும் வெவ்வேறானவர் எனில், ஒரு பெண்ணின் மறைவுக்கு இன்னொரு பெண்ணின் வாழ்நாள் உழைப்பை எடுத்து அணிவித்ததாகின்றது. எவ்வாறு பார்த்தாலும், குரலுக்குப் பின்னால் இருக்கும் ஆளை உற்று நோக்காத பழக்கமே வெளிப்படுகின்றது. ஏவுதள இயக்கப் பிரிவின் திட்ட அலுவலகப் பணி எத்தகையது என்று ஒரு வரியேனும் விளக்கிய தமிழ்ச் செய்தி நம் பார்வைக்குக் கிட்டவில்லை.

இதனோடு தொடர்புடைய மற்றொரு கருத்து வேறுபாடும் உண்டு. அவருடைய இறுதி அறிவிப்பு எது? பெரும்பாலான செய்திகள் சந்திரயான்-3 என்றே எழுதின. இஸ்ரோவின் முன்னாள் இயக்குநர் ஒருவர் சமூக ஊடகத்தில் பதிந்த இரங்கற் குறிப்பு அவ்வாறு கூறியதே இதற்குக் காரணமாகும். ஆனால் செய்தி நிறுவனங்களின் குறிப்பு, 2023ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் ஏவப்பட்ட பிஎஸ்எல்வி-சி56 எனத் தெளிவாகச் சுட்டியது. சந்திரயான்-3 ஏவப்பட்டதோ அதற்குப் பதினாறு நாள் முன்னர், ஜூலை 14ஆம் நாள். ஆகஸ்டு 23ஆம் நாள் நிலவில் தரையிறங்கிய பெருமை இன்னும் ஆறாத சூட்டோடு இருந்த வேளையில், குரலின் முடிவும் அப்பெருமையோடு இணைந்திருக்கவேண்டும் என்று மொழி விரும்பியது போலும். பிஎஸ்எல்வி-சி56 சுமந்து சென்றவை சிங்கப்பூரின் ஏழு செயற்கைக்கோள்கள். இப்பகுதியில் வாழும் நமக்கு அது புறக்கணிக்கத்தக்க செய்தியன்று. கட்டுரையின் இறுதியில் அதற்குத் திரும்புவோம்.

எண்ணுவது யார், ஏவுவது எது?

ஏவுதலுக்கு முன் பின்னோக்கி எண்ணும் வழக்கம் பொறியியலிலிருந்து மட்டும் பிறந்ததன்று. 1865இல் வெளிவந்த ழூல் வெர்னின் நிலவுப் பயண நாவலில் நொடிகள் முன்னோக்கியே எண்ணப்படுகின்றன. பின்னோக்கி எண்ணி, சுழியத்தில் ஏவும் காட்சி 1929இல் பெர்லினில் திரையிடப்பட்ட ஃபிரிட்ஸ் லாங்கின் 'நிலவில் பெண்' என்னும் செர்மானியத் திரைப்படத்தின் வழியாகவே பரவலாக அறிமுகமாயிற்று. அது ஊமைப்படம். ஆகவே உலகம் முதலில் அறிந்த கவுண்ட்டவுனுக்குக் குரலே இல்லை. எண்கள் எழுத்துகளாகத் திரையில் தோன்றின. இப்படத்தின் மூலநாவலையும் திரைக்கதையையும் எழுதியவர் தேயா ஃபான் ஹார்பு என்னும் பெண். பிற்காலத்தில் லாங் இந்த உத்தி தம் சிந்தனையில் உதித்ததெனப் பேட்டிகளில் கூறிவந்தார். ஹார்புவின் பெயர் அக்கதையில் மெல்ல மறைந்தது. (அவர் பின்னர் நாசி ஆட்சியின் பக்கம் சாய்ந்தது அவருடைய பெயர் மங்கியதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அது தனியே பேசத்தக்கது.)

லாங் கூறிய காரணம் கருதத்தக்கது. முன்னோக்கி எண்ணினால் எப்போது முடியும் என்று பார்ப்பவருக்குத் தெரியாது. பின்னோக்கி எண்ணினால் தெரியும். அதாவது, இந்த எண்ணிக்கை பார்ப்பவருக்காக அமைந்தது. இயந்திரத்திற்கு அது தேவையில்லை. இன்றைய ஏவுதளங்களில் இவ்வேறுபாடு இன்னும் தெளிவாக உள்ளது. சந்திரயான்-3க்கான கவுண்ட்டவுன் இருபத்தைந்தரை மணிநேரம் நீடித்தது. எரிபொருள் நிரப்புதல், மின்னணுச் சோதனை முதலான நூற்றுக்கணக்கான செயல்கள் அதற்குள் அடங்கும். இறுதி நிமிடங்களில் கணினி தானியங்கு வரிசைப்படி பொறுப்பை ஏற்றுக்கொள்கின்றது. பொதுமக்கள் கேட்கும் பத்து எண்கள், ஏற்கனவே நடந்துகொண்டிருக்கும் ஒன்றின் ஒலிவடிவம் மட்டுமே.

மொழிச்செயல் கோட்பாட்டை வகுத்த ஆஸ்டின், உலகிலுள்ள நிலையை எடுத்துரைக்கும் கூற்றையும், கூறுவதாலேயே ஒன்றைச் செய்துமுடிக்கும் கூற்றையும் வேறுபடுத்தித் தம் ஆய்வைத் தொடங்கினார். அவரே பின்னர் அவ்வேறுபாடு அத்துணை உறுதியானதன்று எனக் காட்டினார் என்பது வேறு. ஏவுதல் அறிவிப்பைக் கேட்போருக்கு அது இரண்டாம் வகைக் கூற்றாகவே தோன்றுகின்றது. 'சுழியம்' என்றதும் நெருப்பு எழுகின்றது. சொல்லே ஏவியது போன்றதொரு மயக்கம். உண்மையில் அறிவிப்பாளர் சாட்சி. அவர் மௌனமாக இருந்தாலும் ராக்கெட் எழும். சீனாவில் நிலை வேறு. அங்கே 'சுழியம்-ஒன்று' என வழங்கப்படும் ஏவுதல் கட்டளையாளரே எண்ணி, எரியூட்டும் ஆணையையும் வாய்விட்டுக் கூறுகின்றார். எண்ணும் வாயும் ஆணையிடும் வாயும் அங்கே ஒன்று.

ஆகவே, 'ஏவுதல் அறிவிப்பில் பெண்கள்' என்னும் பொருளைப் பேசும்போது முதலில் கேட்கவேண்டியது, அந்த நாட்டில் அந்த அறிவிப்பு எத்தகைய பதவி என்பதேயாகும். அமெரிக்காவில் அது செய்தித்தொடர்புப் பணி. அப்போலோ 11 ஏவப்பட்டபோது ஒலித்த ஜாக் கிங் நாசாவில் சேர்வதற்கு முன் செய்தி நிறுவனத்தில் பணியாற்றியவர். 1969 ஜூலை 16ஆம் நாள் அந்தக் கட்டுப்பாட்டு அறையில் நூற்றுக்கணக்கான ஆண்களிடையே பணிமேசையில் அமர்ந்திருந்த ஒரே பெண் பொறியாளர் ஜோஆன் மார்கன். அன்றைய ஒளிப்படங்களில் அவரைத் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும். நாசாவின் ஏவுதல் வர்ணனையை முதன்முதல் வழங்கிய பெண் லிசா மலோன். அவரும் செய்தித்தொடர்புத் துறையினரே. ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் இம்முறையை மாற்றியது. கேட் டைஸ், ஜெசிகா ஆண்டர்சன் ஆகியோர் அந்நிறுவனத்தின் பொறியாளர்கள். தாம் பங்கேற்று உருவாக்கிய பொருளைப் பற்றியே அவர்கள் பேசுகின்றனர். விளம்பர நோக்கு அதில் கலந்திருப்பதை மறுக்கவியலாது. எனினும், பேசுபவருக்குப் பொருளின்மீது உள்ள அதிகாரம் கேட்பவருக்குப் புலப்படுகின்றது.

2022 நவம்பர் 16ஆம் நாள் ஏவப்பட்ட ஆர்ட்டெமிஸ் 1 இவை அனைத்தையும் தலைகீழாக்கிக் காட்டியது. ஏவுதல் இயக்குநர் சார்லி பிளாக்வெல்-தாம்சன் என்னும் பெண். நாசாவில் அப்பொறுப்பை ஏற்ற முதற்பெண் அவரே. உலகுக்கு வர்ணனை வழங்கியவர் டெரால் நெயில் என்னும் ஆண். முடிவெடுத்தவர் பெண்ணாகவும் விவரித்தவர் ஆணாகவும் அமைந்த அந்த நாளில் 'ஆண் குரல்' என எவரும் தலைப்பிடவில்லை.

ஸ்ரீஹரிகோட்டா இவற்றுள் எவ்வகையைச் சார்ந்தது? வளர்மதி ஒலிபரப்பாளர் அல்லர். ஏவுதள இயக்கப் பிரிவைச் சேர்ந்தவர். ஆகவே அது நாசாவைவிடப் பொறியாளரே பேசும் முறைக்கு நெருக்கமானது. ஆனால் நம் இரங்கற் செய்திகள் அவரை அகில இந்திய வானொலியின் மரபில் வைத்தே போற்றின. இதுவே இக்கட்டுரை சுட்ட விரும்பும் இடறல்.

வானொலியின் நிழல்

தமிழர்க்கு அறிவிப்புக் குரல் என்றாலே வானொலி நினைவு வருவது இயல்பு. ஆகாசவாணியின் தமிழ்ச் செய்தியில் சரோஜ் நாராயணசுவாமி, இலங்கை வானொலியில் இராஜேஸ்வரி சண்முகம் எனப் பெண்குரல்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறைகள் உண்டு. மலேசிய, சிங்கப்பூர் வானொலிகளின் தமிழ்ப் பகுதிகளிலும் பெண் அறிவிப்பாளர்கள் நெடுங்காலமாகவே இருந்துவருகின்றனர். இங்கிலாந்தில் 1933ஆம் ஆண்டு பிபிசியின் முதல் பெண் அறிவிப்பாளரான ஷீலா பாரட், நேயர்களின் எதிர்ப்புக் கடிதங்களால் சில மாதங்களிலேயே விலக்கப்பட்டதை ஒப்பிட்டால், நம் நேயர்கள் பெண்குரலை எளிதாகவே ஏற்றுக்கொண்டனர் எனலாம்.

ஆயினும் ஏற்றுக்கொண்ட அளவுகோல் ஒன்று இருந்தது. உச்சரிப்புத் தெளிவு, இனிமை, கம்பீரம் ஆகியவையே அவை. லகர ளகர ழகர வேறுபாடு பிழையாது ஒலிப்பதைத் தமிழாசிரியர்களாகிய நாமே முதற்சிறப்பாகப் போற்றிவந்துள்ளோம். செய்தி வாசிப்பவர்க்கு அது பொருந்தும். பிறர் எழுதியதை அவர் வாசிக்கின்றார். அதே அளவுகோலை ஏவுதளத்திற்குக் கொண்டுசென்றால், கட்டுப்பாட்டு அறையின் பல்வேறு உரையாடல்களைச் செவிமடுத்து, எது மக்களுக்கு உரியது, எப்போது உரியது என அறிந்து பேசும் செயல் கண்ணுக்குப் படாமல் போகின்றது. எஞ்சுவது தொண்டை மட்டுமே.

இயந்திரங்களுக்குப் பெண்குரல் பூட்டும் வழக்கமும் இந்நோக்கை வலுப்படுத்தியிருக்கக்கூடும். 1960களில் அமெரிக்காவின் பி-58 குண்டுவீச்சு விமானத்தில் எச்சரிக்கை ஒலிக்க ஜோன் எல்ம்ஸ் என்பவரின் குரல் பதிவுசெய்யப்பட்டது. ஆண்களே நிறைந்த வானொலித் தொடர்பில் பெண்குரல் தனித்துக் கேட்கும் என்பது கூறப்பட்ட காரணம். பிற்காலப் போர்விமானங்களின் இத்தகைய குரலுக்கு விமானிகள் 'பெட்டி' எனப் பெயரிட்டு, ஓயாமல் நச்சரிப்பவள் என்னும் பொருள்பட ஓர் இழிந்த அடைமொழியையும் சேர்த்தனர். எச்சரிக்கும் குரல் தேவை, எச்சரிப்பவள் ஏளனத்திற்குரியவள். இன்று தொடர்வண்டி நிலையத்திலும் மின்தூக்கியிலும் கேட்கும் பெண்குரல்களுக்கு ஆளே இல்லை. ஏவுதளத்தில் ஆள் உண்டு. கேட்கும் நம் செவிதான் இரண்டையும் வேறுபடுத்தத் தவறுகின்றது.

தமிழ்ச் சொல்லாட்சியையும் இங்குச் சிறிது நோக்குதல் வேண்டும். 'அறிவிப்பாளர்', 'வர்ணனையாளர்' ஆகிய இரண்டும் பால்பொதுச் சொற்கள். 'ஆளர்' ஈறு அத்தகைய வசதியைத் தமிழுக்கு வழங்கியுள்ளது. இருந்தும் இதழ்கள் 'பெண் விஞ்ஞானி', 'பெண் அறிவிப்பாளர்' என அடையிட்டே எழுதுகின்றன. மொழி கேட்காத அடையை நாமே சேர்க்கின்றோம். 2014 செப்டம்பர் 24ஆம் நாள் மங்கள்யான் செவ்வாயின் சுற்றுப்பாதையில் நுழைந்தபோது, பட்டுச்சேலையும் பூவும் அணிந்த பெண்கள் மகிழ்ந்து கொண்டாடும் ஒளிப்படம் உலகெங்கும் பரவியது. 'பெண் விஞ்ஞானிகள்' என்ற அடிக்குறிப்புடன் அது அச்சாயிற்று. படத்தில் இருந்தோர் நிர்வாகப் பணியாளர்கள் என இஸ்ரோ பின்னர் விளக்கம் அளித்தது. அத்திட்டத்தில் உண்மையிலேயே உழைத்த பெண் பொறியாளர்கள் அப்போது பணிமேசைகளில் இருந்திருப்பர். அன்று ஒளிப்படத்தில் நிகழ்ந்தது 2023இல் ஒலியில் நிகழ்ந்தது.

முல்லைப்பாட்டின் இரு குரல்கள்

இப்பொருளை எண்ணும்போது பத்துப்பாட்டுள் மிகச் சிறியதாகிய முல்லைப்பாட்டு நினைவுக்கு வருகின்றது. பழம்பெருமை பேசும் பொருட்டு இதனைக் குறிப்பிடவில்லை. சங்க இலக்கியத்தில் ராக்கெட்டைத் தேடும் முயற்சிகளில் நமக்கு உடன்பாடு இல்லை. புறப்பாட்டின்போதும் காத்திருப்பின்போதும் யார் குரலுக்கு என்ன மதிப்பு என்பதை நப்பூதனார் 103 அடிகளுக்குள் அமைத்துள்ள முறையே நம் கவனத்திற்குரியது.

அப்பாட்டில் வீட்டுப்பக்கம் ஒரு குரல், பாசறைப்பக்கம் ஒரு குரல். போர்மேற்சென்ற தலைவன் வருவானா என அறிய, முதுபெண்டிர் நெல்லும் முல்லைமலரும் தூவி வழிபட்டு விரிச்சி கேட்டு நிற்கின்றனர். அவர்கள் செவியில் விழுவது, தாய்ப்பசுக்கள் விரைவில் திரும்பிவிடும் எனக் கன்றுகளைத் தேற்றும் ஓர் ஆய்மகளின் பேச்சு. அவள் தலைவனைப் பற்றி எதுவும் அறியாள். தன் குரல் நற்சொல்லாகக் கொள்ளப்பட்டதையும் அறியாள். அறியாமையே விரிச்சியின் இலக்கணம். வேண்டுமென்று கூறினால் அது விரிச்சியாகாது.

பாசறையில் ஒலிப்பது முற்றிலும் மாறானது. நீர்க்கடிகையால் பொழுதை அளந்து, இத்துணை நாழிகை கழிந்தது என அரசனுக்கு அறிவிப்போர் அங்குள்ளனர். உரைகாரர் இவர்களை நாழிகைக் கணக்கர் என்பர். இவர்களின் சொல்லுக்கு அடிப்படை அறிவும் கருவியும் ஆகும். பொய்யாதவர் என்றே பாட்டு இவர்களைச் சிறப்பிக்கின்றது. அதே பாசறையில் பெண்களும் இருக்கின்றனர். கச்சில் வாள் செருகி, இரவைப் பகலாக்கும்படி விளக்குகளைப் பேணுவது அவர்கள் பணி. ஆனால் அவர்கள் பேசுவதாக ஒரு சொல்லும் இல்லை.

பெண்ணின் குரல் மங்கலம். கணக்கரின் குரல் அறிவு. இந்தப் பகுப்பே 2023இன் இரங்கற் செய்திகளிலும் செயல்பட்டிருப்பதாக நமக்குத் தோன்றுகின்றது. வளர்மதி செய்த பணி நாழிகைக் கணக்கர் பணி. கருவி காட்டுவதை அளந்தறிந்து பிழையின்றி அறிவிப்பது. நாம் அவரைக் கேட்டதோ விரிச்சி கேட்பது போன்று. ஒவ்வோர் ஏவுதலுக்கு முன்பும் ராக்கெட்டின் சிறு மாதிரியைச் சூலூர்ப்பேட்டைச் செங்காளம்மன் கோயிலிலோ திருப்பதியிலோ வைத்து வழிபடும் வழக்கம் உள்ள நிறுவனத்தில், மங்கலக் குரலுக்கான ஏக்கம் இருப்பது வியப்பன்று.

இங்கே சொல் நுணுக்கம் ஒன்றைச் சுட்டாமல் செல்ல மனம் வரவில்லை. பொழுதளப்போரைப் பாட்டு 'மாக்கள்' என்றே குறிக்கின்றது. அச்சொல் ஆண்பாலுக்கு மட்டும் உரியதன்று. அவர்களை ஆண்களாகவே படித்துவந்தது படிப்போரின் பழக்கம். பாசறை என்னும் சூழல் அப்பழக்கத்திற்குத் துணைநின்றது எனலாம். ஆனால் அதே பாசறையில் வாளேந்திய பெண்களைப் புலவர் காட்டியிருப்பதையும் மறத்தலாகாது.

இயல்பின் குரலும் தோல்வியின் குரலும்

அறிவிப்பாளரின் தகுதி வெற்றியில் தெரிவதில்லை. 1986 ஜனவரி 28ஆம் நாள் சேலஞ்சர் விண்ணோடம் வெடித்துச் சிதறியபோது, ஹியூஸ்டனில் வர்ணனை வழங்கிக்கொண்டிருந்த ஸ்டீவ் நெஸ்பிட், திரையில் தாம் காண்பதற்கும் தமக்கு வந்துகொண்டிருந்த தரவுகளுக்கும் இடையே சில நொடிகள் பேச்சற்றிருந்தார். பின்னர் உறுதியானதை மட்டும் உணர்ச்சி கலவாத ஒரு தொடரில் சொன்னார். அத்தொடர் கல்நெஞ்சுத்தனமானது என அன்று சிலர்க்குத் தோன்றியது. உண்மையில் அதுவே அப்பணியின் உச்சம்: அறிந்ததை மட்டும் சொல்லுதல்.

இந்திய ஒலிபரப்புகளில் நெருக்கடி வரும்போது பேசுபவர் மாறிவிடுகின்றார். 2019 செப்டம்பர் 7ஆம் நாள் அதிகாலை சந்திரயான்-2இன் விக்ரம் தரையிறங்கி தொடர்பிழந்ததை அறிவித்தவர் அன்றைய தலைவர் கே. சிவன். 2025 மே 18ஆம் நாள் பிஎஸ்எல்வி-சி61 மூன்றாம் அடுக்கில் பழுதுற்றதை அறிவித்தவர் தலைவர் வி. நாராயணன். 2023இல் சந்திரயான்-3 தரையிறங்கிய வெற்றியை அறிவித்தவரும் அன்றைய தலைவர் எஸ். சோமநாத் ஆவார். நிறுவனப் பொறுப்பு என்னும் நோக்கில் இது முறையானதே. ஆயினும் அதன் விளைவைக் காணவேண்டும். எல்லாம் இயல்பாக உள்ளது என்னும் செய்தி அறிவிப்பாளருக்கு. வெற்றியும் தோல்வியும் தலைவருக்கு. இஸ்ரோவின் தலைவர்களாக இதுவரை அமர்ந்தோர் அனைவரும் ஆண்கள். ஆகவே, பெண்குரல் பல ஆண்டுகள் ஏவுதளத்தில் ஒலித்திருந்தும், வரலாற்றில் மேற்கோளாக நிற்கும் தொடர்கள் ஆண்குரலிலேயே பதிவாகியுள்ளன. சந்திரயான்-2இன் திட்ட இயக்குநர் எம். வனிதா, ஆதித்யா-எல்1இன் திட்ட இயக்குநரும் செங்கோட்டையைச் சேர்ந்தவருமான நிகர் ஷாஜி ஆகியோர் பெயர்கள் அறியப்பட்டிருந்தும் இந்நிலை பெரிதும் மாறவில்லை.

பெண்ணை அறிவிப்பாளராக அமர்த்தியதே முன்னேற்றம் என்போர் உளர். அதனை நாம் மறுக்கவில்லை. நிலவு, செவ்வாய், கதிரவன் என விரியும் செய்திகளை ஒரு தமிழ்ப்பெண்ணின் குரலில் கேட்டு வளர்ந்த சிறுமியர்க்கு அது உறுதியாக ஏதோ ஒன்றைக் கொடுத்திருக்கும். ஆனால் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட செய்தி, 'இனிய குரல் இருந்தால் ஏவுதளம் செல்லலாம்' என்பதா, 'ஏவுதளத்தை அறிந்தவர் பேசலாம்' என்பதா? இவ்விடத்தில் இரங்கற் செய்திகள் முதலாவதின் பக்கமே நின்றன.

ஜூலை 30: ஒரு பாடப்பொருள்

பிஎஸ்எல்வி-சி56 இந்திய நேரப்படி காலை 6.31க்கு ஏவப்பட்டது. சிங்கப்பூரில் அப்போது மணி 9.01, ஞாயிற்றுக்கிழமை. முதன்மைச் சுமை, 360 கிலோகிராம் எடையுள்ள டிஎஸ்-சார் என்னும் ரேடார் செயற்கைக்கோள். அதனோடு ஆறு சிறு செயற்கைக்கோள்கள். நிலநடுக்கோட்டுக்கு 5 பாகை மட்டுமே சாய்ந்த, 535 கிலோமீட்டர் உயரச் சுற்றுப்பாதை. நம் பகுதியின் வானத்தை அடிக்கடி கடப்பதற்கென்றே தேர்ந்த பாதை. செய்தி நிறுவனக் குறிப்பின்படி வளர்மதியின் இறுதி எண்ணிக்கை இதற்கானதே. சிங்கப்பூரின் செயற்கைக்கோள்களை வழியனுப்பிய அக்குரல் ஒரு தமிழருடையது என்பதை இங்குள்ள நாம் அறிந்துகொண்டதே ஐந்து வாரங்கள் கழித்து, அவருடைய மறைவுச் செய்தியின் வழியாகத்தான். அதுவும் சந்திரயானின் ஒளியில் மங்கலாக.

இவ்வொலிபரப்பின் பதிவு கிடைக்கின்றது. உயர்நிலை வகுப்புகளில் செய்தித் தமிழும் மொழிபெயர்ப்பும் கற்பிக்கும் ஆசிரியர்கள் அதனைப் பயன்படுத்திப் பார்க்கலாம். அறிவிப்பு முழுதும் ஆங்கிலத்தில் உள்ளது. அதுவே பயிற்சிக்கு ஏற்றதாகின்றது. முதற்கட்டமாக, 'கவுண்ட்டவுன்' என்பதற்கு வழங்கும் 'இறங்குமுக எண்ணிக்கை', 'பின்னோக்கிய எண்ணிக்கை' முதலான தொடர்களுள் பத்து நொடிக்குள் ஒலிக்கத்தக்கது எது என மாணவர் தேரட்டும். அடுத்து, ஒவ்வோர் அடுக்கும் எரிந்து முடியும்போது திரும்பத் திரும்ப வரும் 'நார்மல்' என்னும் சொல்லுக்கு வரட்டும். 'நன்று' என எழுதினால் மதிப்பீடாகிவிடும். 'வெற்றி' என்பது அவசரம். 'இயல்பு' என்பது பேச்சில் நிற்காது. 'சீர்' என ஒரு மாணவி எழுதினால், அதனை அடுத்தவர் ஏன் மறுக்கின்றார் என்று கேட்டுப்பார்க்கலாம். பிறகு, அதே மாணவர்களிடம் 2023 செப்டம்பர் 4, 5 ஆகிய நாள்களின் இரங்கற் செய்தி ஒன்றைக் கொடுத்து, அதில் இச்சொற்களைத் தேர்ந்து பேசியவரின் பணி எந்த வரியில் கூறப்பட்டுள்ளது என அடிக்கோடிடச் சொல்லலாம்.